அப்பாவுக்குத் தெரியாது

மகள் பிறந்து பன்னிரண்டாம் நாள் காலை, குளிப்பாட்டுவதற்காக அம்மா கையை நீட்டியபோது நான் பிள்ளையைக் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சண்டிலிப்பாய் வீட்டுக்கு வந்த நாள் முதல் அம்மாதான் அவளைக் குளிப்பாட்டி வந்தார். கிணற்றடியில் பலகைக்கட்டையைப் போட்டு, கால்களை நீட்டியிருந்து, பிள்ளையை அவற்றின்மேல் கிடத்தி, வேப்பிலை போட்டு ஆறவைத்த தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி வார்ப்பார். பதினோராம் நாள் எண்ணெய் பூசும்போது பிள்ளை வீறிட்டு அழுதாள். எல்லாப் பிள்ளைகளும் அழுகிற அழுகைதான். அம்மா குனிந்து, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, சத்தம் போடாதை" என்றார்.

அந்தச் சொற்களை அதே குரலில் நான் முன்பு ஒரு தடவை கேட்டிருந்தேன். அதனால்தான் மறுநாள் பிள்ளையைக் கொடுக்க என் கை எழவில்லை.

"என்ன பிள்ளை, தண்ணி ஆறப்போகுது. தா."

"நானே வார்க்கிறன்."

"பச்சை உடம்போடை நீ குனியக் கூடாது. தா இஞ்சை."

"தரமாட்டன் அம்மா."

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, "தலைப்பிள்ளைக்காறியளுக்கு உப்பிடித்தான்" என்று முற்றத்தில் நின்ற அப்பாவுக்குக் கேட்கும்படி சொல்லிச் சிரித்தார். நான் ஒரு பேசினில் தண்ணீரை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டேன். ஈரத்துணியால் மகளைத் துடைத்தேன். அவளுடைய உடம்பில் என் கை படுவதற்கே எனக்குப் பயமாக இருந்தது. ஏன் பயம் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

இனி பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது போர்நிறுத்தத்தால் சண்டை நின்று, கொழும்புக்குப் போகும் பாதை திறந்திருந்தது. அம்மாவின் ஒரே தம்பி வெளிநாடு போகும் அலுவலாக எங்கள் வீட்டில் வந்து ஏழெட்டு மாதம் தங்கியிருந்தார். இருபத்துநாலு வயது. எல்லோருக்கும் பிடித்தமான ஆள். அப்பாவோடு தோட்டத்துக்குப் போய் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைப்பார். பின்னேரங்களில் எனக்குக் கணக்குச் சொல்லித் தருவார். பின்னங்களை எனக்குப் புரியவைத்தவர் அவர்தான். இன்றைக்கு நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். அந்தப் பாடத்தை எனக்குப் பிடிக்கச் செய்தவரும் அவர்தான் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குக் கனகாலம் பிடித்தது.

வெங்காயப் பிடிகள் கட்டித் தொங்கவிட்டிருந்த பக்கத்து அறையில் எனக்கு நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. அது ஒரு தடவை மட்டுமல்ல என்பதைச் சொன்னால் போதும்.

ஒருநாள் பின்னேரம் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவருடைய கை உரலை அழுத்திக்கொண்டேதான் இருந்தது. அந்தத் தட்டு நிரம்பியதும் கையைக் கழுவிவிட்டு வந்து என்னைக் கட்டிப் பிடித்தார். அப்போதுதான் நான் பெரிதாக அழத் தொடங்கினேன்.

"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, சத்தம் போடாதை" என்றார். என் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு, "இது அப்பாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சால் அப்பா அவனை வெட்டிப்போட்டு மறியலுக்குப் போயிடுவார். பேந்து நானும் நீயும் என்ன செய்யிறது? ஆர் எங்களைப் பாக்கிறது? சொல்லு பாப்பம்" என்றார்.

நான் அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பாவிலை உனக்கு விருப்பம்தானே?"

"ஓம்."

"அப்ப சொல்லக் கூடாது."

அன்றிலிருந்து அம்மா என்னைத் தன் பக்கத்திலேயே படுக்கவைத்தார். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு மாமாவின் பயண அலுவல் சரிவந்தது. அவர் வெளிக்கிட்ட காலையில் நல்ல சகுனத்துக்காக ஒரு பெண்பிள்ளை எதிரே வர வேண்டுமென்று வாசல் படலையடியில் யாரோ சொன்னார்கள். என்னைத்தான் கூப்பிட்டார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு நான் எதிரே நடந்து வந்தேன்.

அதற்குப் பிறகு இருபது வருடங்கள் அப்பாவை நான் சிறைக்குப் போகாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அப்படித்தான் நினைத்திருந்தேன். தோட்டத்தால் வந்து கை கால் கழுவிவிட்டு அவர் சாப்பிட இருக்கும்போது அந்தக் கைகளைப் பார்ப்பேன். இந்தக் கைகளில் இரத்தம் படாமல் வைத்திருக்கிறவள் நான் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. மாமா சுவிஸிலிருந்து போன் எடுத்தால் அப்பா என்னைக் கூப்பிட்டுக் கொடுப்பார். அப்பா பக்கத்தில் நிற்கிறாரே என்பதற்காக, "நல்லாயிருக்கிறன் மாமா" என்று சந்தோசமான குரலில் கதைப்பேன். அந்தக் குரலைப் பழகியெடுக்க எனக்கு அதிக நாள் செல்லவில்லை.

கலியாணம் பேசிச் செய்ததுதான். என் கணவருக்கு ஊர் அளவெட்டி, அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். மெதுவாகக் கதைப்பார், என்னை "நீர்" என்றுதான் சொல்வார். அவருடைய ஊரில் ஒரு சிறிய வீட்டை எடுத்துக்கொண்டு இருந்தோம். நான் வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய் வந்தேன்.

வயிற்றில் பிள்ளைக்கு ஐந்து மாதமானபோது, கிளினிக்கில் பெண்பிள்ளையாக இருக்கக்கூடும் என்று ஒருவர் பகிடியாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து விறாந்தையில் இருந்து அழுதேன். என் கணவர் பதறிப்போய், "ஏனப்பா? பெம்பிளைப்பிள்ளை எண்டால் உமக்கு விருப்பமில்லையோ?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்குப் பிறகு நான் சொன்ன முதல் ஆள் அவர்தான். அவரும் அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி நான் இருக்கிறன். அந்த ஆள் எங்கடை வாசலுக்கு வரமாட்டான்" என்றார். அன்றைக்கு நான் சாப்பிட்ட சோறு எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. கத்தரிக்காய்க் குழம்பும் கீரையும். பல மாதங்களுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஏழாம் மாதத்தில் அவர் முதல் தடவை கை நீட்டினார். எங்கள் பள்ளிக்கூடத்து ஆண் ஆசிரியர் ஒருவர் பாட நேரசூசி மாறியிருப்பதைப் பற்றி என் போனுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். "ஆர் உவன்?" என்று கேட்டார். நான் சொன்னேன். "உனக்கு ஏன் அனுப்பிறான்?" என்றார். "நீர்" என்பது "நீ" ஆனதைக் கவனித்து முடிப்பதற்குள் கன்னத்தில் விழுந்தது. அடுத்தநாள் மாம்பழம் வாங்கி வந்து, வெட்டித் தட்டில் வைத்துத் தந்தார். அம்மாவுக்குப் போனில் சொன்னபோது, "வேலைக் களைப்பாயிருக்கும். நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றார். பிள்ளை பிறப்பதற்குள் இன்னும் மூன்று தடவை அப்படி நடந்தது. மாம்பழம் முதல் தடவை மட்டும்தான்.

பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அவரை விட்டுக் கொஞ்ச நாள் விலகி இருக்கலாம் என்று சந்தோசமாகத்தான் வந்தேன். ஆனால் பிள்ளையோடு அந்த வீட்டுப் படியேறியதும், நான் வளர்ந்த வீடு எனக்கு வேறொரு வீடாகத் தெரிந்தது. பக்கத்து அறையில் இப்போது வெங்காயம் இல்லை, பழைய கதிரைகள்தான் கிடந்தன. இருந்தும் அந்தக் கதவைத் தாண்டிப் போகும்போது மகளின் முகத்தை என் தோளில் அழுத்திக்கொள்வேன்.

அம்மா மல்லி, மிளகு சேர்த்துப் பிள்ளைப்பெற்றவளுக்கான சரக்கு அரைத்துத் தந்தார், சுறா வறை வைத்துத் தந்தார், பால் சுரக்க முருங்கையிலைச் சொதி வைத்துத் தந்தார். கவனிப்பில் ஒரு குறையும் இல்லை. நான் தின்பேன், பிறகு போய்ச் சத்தியெடுப்பேன். பிள்ளை நித்திரையானாலும் எனக்கு நித்திரை வராது. அவளை யாரும் தூக்கக் கூடாது. தூக்கினால் அவர்களுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பா வந்து, "பேத்தியை ஒருக்கா தா பிள்ளை" என்று கேட்டபோது, எனக்கு எந்தக் கெடுதலும் செய்யாத அப்பாவுக்கும் நான் கொடுக்கவில்லை. சில வேளைகளில் மகள் அழுவதைப் பார்த்தபடியே அசையாமல் இருப்பேன். அவளில் எனக்கு ஒரு பாசமும் வரவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது. தாய் என்றால் இப்படியா இருப்பாள் என்று வெட்கமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் குடும்பநல மாது முதல் தடவை வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஸ்கூட்டியில் வருவார். தையலைப் பார்த்தார், பால் கொடுப்பதைப் பார்த்தார். பிறகு பத்துக் கேள்வி உள்ள ஒரு தாளை எடுத்து, இந்தக் கிழமை முழுக்க மனம் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாக வாசித்தார். அம்மா தேநீரோடு வந்து என் பக்கத்தில் இருந்துவிட்டார்.

"காரணமில்லாமல் பயம் வாறதோ ரீச்சர்?"

"அவளுக்கு என்ன பயம்? நாங்கள் எல்லாரும் இருக்கிறம்" என்றார் அம்மா.

மாது அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார்.

"இல்லை மிஸ்" என்றேன். பத்துக் கேள்விக்கும் நல்ல விடைகளைத் தேடிச் சொன்னேன். மாது தாளை மடித்து வைத்தார். போகும்போது படலையடியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, பிள்ளைப்பேற்றுத் தீட்டைக் கழிக்கிற சடங்கு. அதற்கு இரண்டு நாள் முன்பு, அலுவலக வேலையாகக் கொழும்புக்குப் போகிறேன், சடங்கன்று காலை வந்துவிடுவேன் என்று என் கணவர் சொல்லியிருந்தார். நான் அதில் ஒன்றையும் யோசிக்கவில்லை. அம்மாதான் அந்த இரண்டு நாளும் ஓடித் திரிந்தார். முறுக்கு, பயற்றம் பணியாரம் என்று கலியாண வீட்டுக்குச் சுடுவதுபோலச் சுட்டார். "முப்பத்தொண்டுக்கு ஏன் அம்மா இவ்வளவு?" என்று கேட்டேன். "என்ரை முதல் பேத்தியெல்லோ" என்றார்.

ஐயர் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். மகளுக்கு முடி இறக்கியாயிற்று. உறவுக்காரர் பத்துப் பதினைந்து பேர் வீட்டுக் கூடமான சாலைக்குள் இருந்தார்கள். அப்போது ஒரு வான் வந்து வாசலில் நின்றது. முதலில் என் கணவர் இறங்கினார். பிறகு அவர் கதவைத் திறந்து பிடிக்க, மாமா இறங்கினார்.

உடம்பு வைத்திருந்தது, தலை வழுக்கை விழுந்திருந்தது. இருந்தாலும் அந்த நடை அப்படியே இருந்தது. அம்மா, "என்ரை தம்பி" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்க் கட்டிப் பிடித்து அழுதார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். என் கணவர் மாமாவின் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளே வைத்தார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வரமாட்டான் என்று என் கையைப் பிடித்துச் சொன்னவர், அந்த ஆளைத் தானே போய்க் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அம்மா வந்து என் கையிலிருந்து மகளை எடுத்தார். நான் தடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் தடுத்த நான் அன்றைக்கு ஏன் தடுக்கவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை என்னை நானே கேட்டிருக்கிறேன். அம்மா பிள்ளையைக் கொண்டுபோய் அவனுடைய கையில் வைத்தார்.

அவன் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான். "அப்பிடியே சின்னனிலை நீ இருந்த மாதிரிக் கிடக்கு."

நான் கத்தினேன். அந்தச் சத்தம் என்னுடையது என்று எனக்கே முதலில் தெரியவில்லை. பாய்ந்து பிள்ளையைப் பறித்தேன். அவள் பயந்து அழுதாள்.

"உவன்ரை கையிலை என்ரை பிள்ளையைக் குடுக்காதேங்கோ! உவன் எனக்கு என்ன செய்தவன் எண்டு அம்மாட்டைக் கேளுங்கோ!"

சொன்ன மறுகணமே எனக்கு மற்றப் பயம் வந்துவிட்டது. சொல்லிவிட்டேனே, அப்பா கத்தியை எடுக்கப் போகிறாரே என்று திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். எழும்பவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னார்.

"அது முடிஞ்ச கதை பிள்ளை. நாலு சனம் வந்திருக்கேக்கை பழசைக் கிளறாதை."

அப்பா என்ன சொன்னார் என்பது எனக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. முடிந்த கதை என்றால் அந்தக் கதை அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிருந்தோ தெரிந்திருக்கிறது. அவரை மறியலுக்கு அனுப்பாமல் இருக்க நான் வாயை மூடிக்கொண்டிருந்த வருடங்கள் எல்லாம், அவரும் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தார். "மாமா கதைக்கிறார், வா பிள்ளை" என்று போனை என் கையில் தந்ததும் தெரிந்துகொண்டுதான்.

என் கணவர் என் தோளைப் பிடித்து அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். பிள்ளை என் கையில் இருந்தாள்.

"என்ரை மானத்தை வாங்கிறியோ? அந்தாள் எனக்குச் சுவிஸ் அலுவல் பாக்கிறன் எண்டு வந்து நிக்குது. நீ சபையிலை நிண்டு குலைக்கிறாய்."

"நான் உங்களிட்டை எல்லாம் சொன்னனான்தானே?"

"சொன்னனிதான். சின்னனிலையே கெட்டுப்போனவளை வைச்சிருக்கிறன். அது காணாதோ உனக்கு?"

பிறகு அடித்தார். அடி என் காதில் விழுந்தது, பல நாள் அந்தக் காது இரைந்தது. ஆனால் அந்தச் சொல்தான் என்னை விழுத்தியது. விறாந்தையில் இருந்து அழுதழுது நான் சொன்ன கதையை அவர் நான்கைந்து மாதம் பத்திரமாக வைத்திருந்து, வேண்டிய நேரத்தில் எடுத்துக்கொண்டார். கதவுக்கு வெளியே அம்மா வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. "பிள்ளைப்பெத்த உடம்பு. நித்திரையில்லை. அதுதான் விசர்க் கதை கதைக்கிறாள்."

அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது. மறுநாளிலிருந்து நான் விசரி, பைத்தியக்காரி. பார்வை பார்த்து மந்திரிக்கிற ஒருவரைக் கூட்டிவந்து என் கையில் நூல் கட்டினார்கள். பிள்ளையைப் பால் கொடுக்க மட்டும் என்னிடம் தந்தார்கள், பிறகு அம்மா தூக்கிக்கொண்டு போய்விடுவார். மாமா ஊரில் வேறொரு வீட்டில் தங்கியிருந்துவிட்டு ஒரு கிழமையில் திரும்பிப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அதில் ஆறுதல் வரவில்லை. உண்மையைச் சொன்னதால்தான் எனக்கு விசர் என்றால், பதினொரு வயதிலிருந்தே நான் விசரியாக இருந்திருக்கலாம் என்று தோன்றத் தொடங்கியது. அப்படி ஒன்றும் நடக்கவில்லையோ என்றுகூடச் சில நேரம் நினைத்தேன். பால் வற்றிவிட்டது.

ஒருநாள் மத்தியானம், நானும் மகளும் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி என்ற எண்ணம், கணக்கொன்றின் விடைபோல, மிகத் தெளிவாக வந்தது. அழுகை இல்லை, படபடப்பு இல்லை. அந்தத் தெளிவுதான் என்னைப் பயமுறுத்தியது. நான் எழுந்துபோய் அம்மாவிடம், "நான் தனியக் கிணத்தடிக்குப் போகேலாது. என்னை விடாதேங்கோ" என்றேன். அம்மா, "உந்த விசர்க் கதையளை விடு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

அந்தக் கிழமையே குடும்பநல மாது மறுபடியும் வந்தார். தாளை எடுக்கவில்லை. என் காதடியில் இருந்த நீலத்தைப் பார்த்தார், கையில் இருந்த நூலைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "பிள்ளையின்ரை நிறை காணாது அம்மா. நாளைக்கு கிளினிக்குக்கு வரவேணும். அங்கை இடமில்லை, தாயும் பிள்ளையும் மட்டும் காணும்" என்றார். அம்மாவும் வந்தார். மாது அவரை வெளியே இருந்த வாங்குப் பலகையில் இருத்திவிட்டு, எங்களை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"நிறை காணும் ரீச்சர். உங்களோடை தனியக் கதைக்கத்தான் அப்பிடிச் சொன்னனான்" என்றார். "போன முறை பத்துக் கேள்விக்கும் அம்மா பக்கத்திலை இருந்தவா. இப்ப ஒருத்தரும் இல்லை."

அவர் முதலாவது கேள்வியை வாசித்து முடிக்கவில்லை. சாகும் எண்ணம் வந்ததோ என்ற கடைசிக் கேள்விக்கான விடையை நான் சொன்னேன். கிணற்றைப் பற்றிச் சொன்னேன். காதில் விழுந்த அடியைச் சொன்னேன். மாமாவைச் சொன்னேன். ஒழுங்கில்லாமல், முன்னுக்குப் பின் மாறித்தான் வந்தது. அவர் இடைமறிக்கவில்லை. முடிந்ததும் ஒன்றுதான் சொன்னார்.

"நான் நம்புறன்."

அவ்வளவு நாளும் நான் கேட்கக் காத்திருந்த சொல் அதுதான் என்று அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஆனால் சொன்னவர் என் அம்மாவல்ல, கணவரல்ல, அப்பாவல்ல. எனக்கு யாரென்றே தெரியாத ஒரு பெண். ஆறுதலாகவும் இருந்தது, அதைவிட அதிகமாக வலித்தது.

அன்றைக்கே அவர் தானே வந்து பெரியாஸ்பத்திரியில் என்னையும் மகளையும் சேர்த்துவிட்டார். மனநலப் பகுதியில் ஒரு பெண் வைத்தியர் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். நித்திரைக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து தந்தார். மூன்றாம் நாள் என்னிடம், "ரீச்சர், உங்களுக்கு இது பிள்ளை பிறந்ததாலை மட்டும் வந்த வருத்தமில்லை. சின்ன வயசிலை நடந்தது உள்ளுக்கை கிடந்திருக்கு. அதுக்கு மேலை வீட்டிலை அடி. பிள்ளை பிறக்க ரெண்டும் சேர்ந்து எழும்பியிருக்கு. உங்களைப்போலத் தாய்மார் எத்தினையோ பேர் இஞ்சை வருகினம். விசர் எண்டுதான் கூட்டிவருவினம்" என்றார். நான், "எனக்கு என்ரை பிள்ளையிலை பாசமில்லை டொக்டர்" என்றேன். "பாசமில்லாத தாய், கிணத்தடிக்கு என்னை விடாதேங்கோ எண்டு போய்க் கேப்பாளோ?" என்றார். அன்றைக்குத்தான் மகள் பிறந்த பிறகு முதல் தடவையாகத் தொடர்ச்சியாகச் சில மணிநேரம் நித்திரை கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு அம்மா சாப்பாடு கொண்டுவந்தார். கட்டிலடியில் நின்று புட்டைப் பிரித்து வைத்தார்.

"ஏன் அம்மா அவனைக் கூப்பிட்டனீங்கள்?"

"நான் கூப்பிடேல்லை. உன்ரை மனுசன்தான் எல்லா ஒழுங்கும் செய்தது." புட்டுச் சுற்றியிருந்த இலையை ஒதுக்கினார். பிறகு, "வேண்டாம் எண்டு நானும் சொல்லேல்லை. என்ரை தம்பியடி. எத்தினை வருசம் நான் அவனைக் கண்ணாலை காணேல்லை. நீ மறந்திருப்பாய் எண்டு நினைச்சன்" என்றார்.

"நீங்கள் மறந்திட்டியளோ?"

அம்மா அழுதார். புட்டை நான் சாப்பிட்டேன், பசித்தது.

ஆஸ்பத்திரியால் வந்து நான் அளவெட்டிக்கும் போகவில்லை, சண்டிலிப்பாய்க்கும் போகவில்லை. மாது சொன்ன ஒரு வழக்கறிஞரின் உதவியோடு முறைப்பாடு கொடுத்து, கணவர் எங்களைக் கிட்ட நெருங்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் கட்டளை எடுத்தேன். பிரிவு வழக்கு இன்னும் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. அவர் இன்றைக்கும் மாமாவோடு போனில் கதைப்பதாகக் கேள்வி. எங்கள் பள்ளிக்கூடத்தில் கூடப் படிப்பிக்கும் ஓர் அக்கா, வட்டுக்கோட்டையில் தன் வீட்டின் பின்பகுதியை எனக்கு வாடகைக்குத் தந்தார். இரண்டு அறை, ஒரு குசினி. மருந்தை ஒன்றரை வருடம் குடித்தேன். பாசம் ஒரே நாளில் வரவில்லை. மகளுக்கு ஐந்து மாதமிருக்கும்போது, நான் கரும்பலகைப் பாடக் குறிப்பை வாய்விட்டு வாசிக்க அவள் அதைக் கேட்டுக் கடகடவென்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு நிறுத்தி, இப்போது பயமில்லாமல் இருக்கிறேன் என்று கவனித்தேன். பயம் மறுபடியும் வந்தது, ஆனால் அதற்குப் பிறகு விட்டு விட்டுத்தான் வந்தது.

அம்மா மாதத்தில் ஒரு தடவை வருவார். நான் இருக்கும்போது மட்டும் பேத்தியோடு விளையாடலாம். அவர் குளிக்க வார்க்கக் கேட்டதில்லை, நான் கொடுக்கவுமில்லை.

அப்பா முதல் இரண்டு வருடம் வரவேயில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை காலை சைக்கிளில் வந்தார். கரியரில் ஒரு உரப்பை நிறையக் கத்தரிக்காயும் பயிற்றங்காயும். உள்ளே வரலாமோ என்று கேட்டார். கதிரையை முற்றத்தில் போட்டேன். மகள் அவருடைய மீசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தேநீர் கொடுத்துவிட்டு, இரண்டு வருடமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"உங்களுக்கு எப்ப தெரியும் அப்பா?"

தேநீரைக் கீழே வைத்தார். "நீ கொம்மாட்டைச் சொன்ன அண்டைக்கே. படுக்கேக்கை சொன்னவா."

"அண்டைக்கேயோ?"

"ஓம். கத்தியை எடுக்கிற ஆளில்லைப் பிள்ளை நான். உனக்குத் தெரியும்தானே. ஏஜென்சிக்காரனிட்டை ஓடித் திரிஞ்சு கெதியா அவனை அனுப்பினன். போனால் முடிஞ்சுது எண்டு நினைச்சன்."

மூன்று கிழமையில் பயணம் சரிவந்தது எப்படி என்று எனக்கு அப்போது விளங்கியது. அவர் தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறார். ஆனால் அவன் போனபோது என்னைச் சகுனத்துக்கு எதிரே நடக்கவிட்டதும் இதே அப்பாதான்.

"உங்களுக்குத் தெரியாது எண்டு நினைச்சுத்தான் அப்பா நான் இவ்வளவு காலமும் வாய் திறக்கேல்லை. தெரியும் எண்டு எனக்கு ஒருக்காச் சொல்லியிருக்கலாமே."

அவர் தேநீர்க் கோப்பையை மறுபடியும் கையில் எடுத்தார். "உனக்கு வெக்கமாயிருக்கும் எண்டு…" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். கண்கள் கலங்கியிருந்தன. ஓடிப்போய்ப் பிடித்து, பரவாயில்லை அப்பா என்று சொல்ல வேண்டும்போல எனக்கு இருந்தது. இருபது வருடப் பழக்கம் அது. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

அவர் எழுந்து, மகளின் தலையைத் தடவப்போய்க் கையை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் மகளிடம், "தாத்தா தலையைத் தடவலாமோ எண்டு கேக்கிறார். விருப்பமோ?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அப்பா, "சரி, சரி" என்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே போய், ஏறாமல் அந்த ஒழுங்கையின் முடிவுவரை நடந்தே போனார். நான் உரப்பையை அவிழ்த்துக் கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவினேன். எல்லாம் நல்ல பிஞ்சுக் காய்கள். தெரிந்தெடுத்து ஆய்ந்திருந்தார்.